எட்டுப் பேர் இருக்கும் அலுவலகம்

லீவுப் படிவத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறிய பெட்டி உண்டு. லீவில் போகிறவரின் வேலையை அந்த நாட்களில் யார் பார்ப்பார் என்று அதில் எழுத வேண்டும். பார்ப்பவர் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பதில் கடமை என்று அதற்குப் பெயர். யாராவது படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இன்றைக்கு அவருடைய வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, நாளைக்கு என்னுடைய வீட்டில் காய்ச்சல். வாசித்துப் பார்க்காமலே வைத்துவிடுவோம். ஒரு நாள், இரண்டு நாள், கூடினால் கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமை. அவ்வளவுக்குத்தான் அந்தப் பெட்டி.

நான் அதில் ஐந்து வருட லீவுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். நான்கு பேருக்கு, மறுபேச்சில்லாமல்.

எங்கள் அலுவலகம் கிளிநொச்சி நகரத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரத்தில், குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளிக்கு முன்னால் இருக்கிறது. விவசாயிகளுக்கான சிறிய அரச அலுவலகம். ஆளணி எட்டு. பொறுப்பதிகாரி இன்னோர் அலுவலகத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் திங்களும் வியாழனும் மட்டும் வருவார். அலுவலக உதவியாளர் ஒருவர். எழுத்து வேலைக்கு நான். மற்ற ஐந்து பேரும் பட்டதாரிகள். நான் உயர்தரத்தோடு வேலைக்கு வந்தவள். வயது ஐம்பத்திரண்டு. பளையில் பிறந்து, இப்போது கிளிநொச்சியில் தனியாக இருக்கிறேன். பதினான்கு வருடமாக இதே மேசை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அதற்கும் முந்தியது. பஸ் எத்தனை மணிக்கு வந்தது, மழை பெய்ததா, என்ன கறி, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள். அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடத்தில், அரச ஊழியர்கள் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று அறிவித்தார்கள். ஐந்து வருடம் வரைக்கும் போகலாம், வேலை போகாது. எங்களில் முதலில் போனவர் புள்ளிவிபரம் பார்த்த தங்கச்சி. இங்கிலாந்தில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை. என் மேசைதான் அவவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் படிவம் என்னிடம் வந்தது. வேறு காரணம் இல்லை. அடுத்த வருடம் திட்டங்கள் பார்த்த தம்பி கனடாவுக்குப் போனார். பிறகு பெண்களின் சுயதொழில் குழுக்களைப் பார்த்தவ, கணவரோடு அவுஸ்திரேலியாவுக்கு. நான்காவது ஆள், பயிற்சி வகுப்புகளை நடத்திய தம்பி. மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். பெற்றோர் இருவரும் இன்றைக்கும் மற்றவர்களின் வயலில் வேலை செய்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஜப்பானுக்குப் போவதற்குப் படிவத்தைக் கொண்டு வந்து என் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"இருங்கோ தம்பி."

"இல்லக்கா, நிக்கிறேன். ஒரு ரெண்டு வருசந்தான். போய்ட்டு வந்துருவேன்."

"படிவத்தில அஞ்சு எண்டு போட்டிருக்கு."

"அது சும்மா போட்டதுக்கா. இருக்கட்டுமேன்னு."

சிரித்தோம். கையெழுத்து வைத்தேன்.

வேலைகளை நான் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டேன். திங்கட்கிழமை புள்ளிவிபரம், புதன் திட்டங்கள், வியாழன் சுயதொழில், வெள்ளி பயிற்சி. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு நிற மட்டை. மாத முடிவில் அவர்களுடைய நான்கு அறிக்கைகளும் என்னுடையதும், ஐந்தும் ஒரே நாளில் மாவட்டத்துக்குப் போகும். ஒரு மாதமாவது பிந்தியதில்லை. பயிற்சி வகுப்பு நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று எழுதினேன், காரணத்தோடு. குழுக்களைப் பார்க்கப் போக முடியாதபோது அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. அதை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

வெளியிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பார்த்துக்கொண்டு போவேன். விஞ்ஞான வகுப்பு நடந்த தகரக் கொட்டகையில் இப்போது ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்பு. வாசலில் நிற்கும் சைக்கிள்கள் முன்னைப் போலவேதான், முன்னர் பல்கலைக்கழகம் போவதற்குப் படித்தார்கள், இப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வந்து படிக்கிறார்கள். வங்கியில் மூன்று கண்ணாடிச் சன்னல், ஒன்றில்தான் ஆள். புதிதாக மாடிவீடு எழும்பிய காணிகளில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிறார்கள். வயல் முன்னையைவிட நன்றாகத்தான் விளைகிறது. அதற்கு நோய் வந்தால் என்ன நோய் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

அந்த ஆள் எங்களிடம் இருந்தா. ஐந்து பட்டதாரிகளில் மிஞ்சிய ஒருத்தி, எங்கள் எல்லாருக்கும் 'பிள்ளை'. விவசாய பீடத்தில் படித்தவ, இருபத்தெட்டு வயது. முல்லைத்தீவுக் கடற்கரையில் வீடு. தகப்பனுக்கு ஒரு படகு. கிழமை நாட்களில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினா. வெள்ளி பின்னேரம் ஊருக்குப் போய், ஞாயிறு பூசைக்குப் பிறகு திரும்பி வருவா.

செவ்வாய்க்கிழமை அவவின் நாள். விவசாயிகள் நோய் கண்ட பயிரை வேரோடு பிடுங்கி சொப்பிங் பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். எட்டரைக்கே விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பிள்ளை ஒவ்வொரு பையாக விரித்து, இலையை வெளிச்சத்துக்குப் பிடித்து, தண்டைக் கீறிப் பார்த்துச் சொல்லுவா. இது எரிபந்த நோய், தண்ணியைக் கட்டி வையுங்கோ, யூரியாவை நிப்பாட்டுங்கோ. இது அறக்கொட்டியான், பூச்சி அடியில நிக்குது, மேல மருந்தடிச்சு வேலையில்லை. சிலருக்கு, இது ஒண்டுமில்லை ஐயா, காசைக் கொண்டுபோய்க் கடையில குடுக்காதேங்கோ. இந்தக் கடைசி வசனம்தான் பூச்சிமருந்துக் கடைக்காரருக்குப் பிடிக்காதது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அலுவலகக் குசினியில் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். திங்கட்கிழமைகளில் அவ ஊரிலிருந்து கொண்டுவந்த மீன். மற்ற நாட்களில் என் கறி. நான் போத்தல்களில் ஒட்டிவைத்த கடதாசிகளைப் பார்த்துச் சிரிப்பா.

"அக்கா, ஊறுகாய்க்கும் திகதி போட்டிருக்கிறியள். நாளைக்கு என்ர நெத்தியிலயும் ஒண்டு ஒட்டுவியள் போல."

"ஒட்டினால்தானே பழுதாகுற நாள் தெரியும்."

"நான் பழுதாக மாட்டன். நான் கருவாடு."

அப்படித்தான் கதைப்பா. நான் வேறு யாரோடும் அவ்வளவு கதைப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால், மறுநாள் காலை பஸ் நடத்துனரிடம் மிச்சக் காசு கேட்கும்வரை வாய் திறக்கத் தேவையில்லாத நாட்கள் உண்டு.

பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவ பையிலிருந்து படிவத்தை எடுத்தா. நான்காக மடித்திருந்தா. எனக்கு விரிக்காமலே தெரிந்தது.

"அக்கா, கோபிக்கக்கூடாது."

"எந்த நாடு?"

"இங்கிலாந்து. ஒரு வருஷப் படிப்பு. பிறகு வேலை எடுக்கலாமாம். தை மாதம் அங்க நிக்க வேணும். இந்தப் படிவம் இந்த மாதத்துக்குள்ள போனாத்தான் லீவு சரிவரும். இல்லாட்டி வேலையை விட்டுப்போட்டுத்தான் போக வேணும்."

பெட்டியில் என் பெயரை அவவே எழுதியிருந்தா. பதவி, மேசை இலக்கம் எல்லாம் சரி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என் பேனை கைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை பாப்பம்" என்றேன்.

அவ என் முகத்தைப் பார்த்தா. அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று பின்னேரமே மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆளணியைப் பார்க்கும் பிரிவில் ஓர் இளம் பெண்குரல், நல்ல மரியாதையான பிள்ளை. எங்களுக்குப் புதிதாக ஒரு விவசாயப் பட்டதாரியைத் தர முடியுமா என்று கேட்டேன்.

"உங்கட ஒபிஸில வெற்றிடம் ஒண்டும் இல்லையே மிஸ். ஆளணி எட்டு. எட்டுப் பேரும் இருக்கினம்."

"நாலு பேர் வெளிநாட்டில, பிள்ளை."

"லீவில மிஸ். லீவில நிக்கிற ஆள் கணக்குக்கு இருக்கிற ஆள்தான். அதோட வேலை ஒண்டும் தடைப்படேல்லையே. நாலுக்கும் நீங்கள்தான் பதில் கடமை. உங்கட றிப்போட்தான் மாவட்டத்திலயே முதல் வாறது. பிந்துற ஒபிஸுகளுக்கு நாங்கள் உங்களைத்தான் சொல்லிக் காட்டுறனாங்கள்."

"இப்ப அஞ்சாவது ஆளும் கேக்கிறா."

"அப்ப அதுக்கும் நீங்கள் கையெழுத்து வைச்சா, அதுவும் வெற்றிடம் இல்லை மிஸ். அவ வேலையை விட்டுப்போட்டுப் போனா மட்டும்தான் அந்த இடம் காலியாகும். காலியானா நாங்கள் புது ஆளைக் கேக்கலாம்."

நன்றி சொல்லி வைத்தேன். அன்றைய குறிப்பில் இரண்டு வரிதான் இருக்கிறது. 'பி.ப. 3.10 தொலைபேசி. எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.'

அந்த வார இறுதியில் நான் எங்கும் போகவில்லை. நான்கு நிற மட்டைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவ்வளவு துப்புரவாகச் செய்யாமல் விட்டிருந்தால், இரண்டு மாத அறிக்கை வராமல் இருந்திருந்தால், யாராவது வந்து பார்த்திருப்பார்கள். ஆளில்லாத நான்கு மேசைகளில் ஆள் இருப்பதாகக் காட்டியது நான். பொய் எழுதாமலே அதைச் செய்திருந்தேன்.

திங்கள் காலை பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். லீவில் போனால் இந்த இடத்துக்கு ஐந்து வருடம் ஒருவரும் வரமாட்டார்கள். விட்டுவிட்டுப் போனால் வரக்கூடும். விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

அவ சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்துவிட்டு வந்தா.

"மற்ற நாலு பேருக்கும் வைச்சனீங்கள்தானே அக்கா."

"அப்ப எனக்குத் தெரியாது."

"எனக்கெண்டு வரேக்குள்ளதான் தெரிஞ்சதோ?"

செவ்வாய்க்கிழமை விறாந்தையில் இருப்பவர்களுக்காகத்தான் மறுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது உண்மைதான், ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி, பன்னிரண்டரை மணி. அவவின் சாப்பாட்டுப் பெட்டி அன்று குசினி மேசையில் திறக்காமலே இருந்தது. நான் தனியே சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு அவவே என் மேசைக்கு வந்தா.

"என்ர பட்ச்சில இருபத்தாறு பேர் அக்கா. இப்ப நாட்டில மூண்டு பேர். அதில ஒருத்தி விசாவுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறா. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனா எங்கட ஒழுங்கையில எனக்குக் கதைக்க ஒரு ஆள் இல்லை. உங்களோட சாப்பிடுறன், பிறகு அந்த அறையில போய் இருந்து சுவரைப் பாக்கிறன். நான் காசுக்குப் போறன் எண்டு நினைக்கிறியளோ?"

"இல்லை" என்றேன். அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த நேரம், அவவின் தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தா. நாங்கள் நேரில் சந்தித்ததில்லை, அவ அனுப்பும் மீனைத்தான் எனக்குத் தெரியும். பின்னால் காற்றும் கடலும் இரைந்துகொண்டிருந்தன.

"மிஸ், பிள்ளை எல்லாம் சொன்னவள். உங்கட கரைச்சல் எனக்கு விளங்குது. ஆனா கவுண்மெந்து வேலை கையில இருந்தா அவள் திரும்பி வருவாள் மிஸ். அதை விட்டுப்போட்டுப் போனா, என்னத்துக்கு வாறது?"

"வருவா எண்டு நினைக்கிறியளோ அம்மா?"

"நினைக்கிறதுக்கு ஒண்டு வேணுமே மிஸ்."

திங்கட்கிழமை பேனையை எடுத்தேன். அந்தப் பெட்டியில் முதலில் எழுதினேன்: 'இவரது கோப்புகளையும் கடிதங்களையும் பார்த்துக்கொள்வேன். பயிர் நோய் பார்ப்பதற்கான படிப்பும் பயிற்சியும் எனக்கு இல்லை. அந்தக் கடமையை என்னால் செய்ய இயலாது.' பெட்டி போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன்.

பிள்ளை வாசித்துவிட்டு என் தோளில் ஒருதரம் கைவைத்தா. பொறுப்பதிகாரி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இரண்டு தடவை வாசித்தார்.

"இப்பிடி ஆரும் எழுதுறேல்லையே."

"எழுதக்கூடாதெண்டு எங்கயும் போடேல்ல சேர்."

"லீவு தராமல் விட்டால்?"

"தருவினம் சேர். வாசிக்கமாட்டினம்."

அவர் சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல் சிபாரிசு எழுதினார். மூன்றாவது கிழமை லீவு அனுமதிக் கடிதம் வந்தது. என் வரிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதே திங்கட்கிழமை இன்னொரு கடிதமும் தட்டச்சு செய்தேன். முதலில் போன நான்கு பேரின் பதில் கடமையையும் தை மாதம் முதலாம் திகதியிலிருந்து என்னால் தொடர முடியாது என்று. நான்கு பேரின் பதவிகளும் லீவு தொடங்கிய நாட்களும் அட்டவணையாகப் போட்டேன். தபாலில் பதிவுசெய்து அனுப்பினேன். கோப்புகளை நிற மட்டையோடு கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தேன். "என்னைத்தானே வந்து கேக்கப்போகினம்" என்றார். வாங்கிக்கொண்டார்.

பிள்ளை மார்கழி கடைசியில் போனா. அலுவலக உதவியாளர் கேக் வாங்கி வந்தார். எட்டுத் துண்டாக வெட்டிவிட்டு, நாங்கள் நாலு பேர் இரண்டிரண்டு சாப்பிட்டோம். பஸ் ஏறும்போது அவ சொன்னா, "அக்கா, தனிய இருந்து சாப்பிடாதேங்கோ." யாரோடு என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் முடிந்தது. நான் என்னுடைய அறிக்கையையும், ஒப்புக்கொண்டபடி பிள்ளையின் கோப்புகளுக்கான ஒன்றையும் மட்டும் அனுப்பினேன். மூன்றாவது நாள் மாவட்டத்திலிருந்து அதே பெண்குரல்.

"மிஸ், சுகமில்லையோ?"

"சுகமாயிருக்கிறன் பிள்ளை."

"நாலு றிப்போட் வரேல்ல. நாங்கள் பயந்திட்டம், உங்களுக்கு என்னவோ எண்டு."

"எனக்கு ஒண்டுமில்லை. அந்த நாலு பேரும் இல்லை. கடிதம் போட்டனான்."

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. அந்தக் கடிதம் அவவின் தட்டிலேயேதான் இருந்ததாம், இன்னும் பிரிக்கவில்லை. பத்து நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கத்தை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அதனால் வெள்ளை மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி விறாந்தைத் தூணில் கட்டினேன்: 'பயிர் நோய் பார்க்கும் உத்தியோகத்தர் தற்போது இல்லை.' உதவியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இப்பிடிப் பச்சையா எழுதலாமோ மிஸ்?" என்றார். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன செவ்வாய் ஒன்பதே காலுக்கு ஒரு பெண் வந்தா. என் வயது இருக்கும். இரண்டு ஏக்கரை ஒற்றையாளாகச் செய்கிறவ, முன்பும் பல தடவை வந்திருக்கிறா. மட்டையை வாசித்தா, ஆனாலும் உள்ளே வந்து, பிள்ளையின் மேசைக்கு முன்னாலுள்ள கதிரையில் இருந்து, பையை விரித்தா. நெற்பயிர். இலையில் மண்ணிறப் புள்ளிகள்.

"பிள்ளை போட்டாவோ?"

"ஓம். போட்டா."

"ஆரும் வருவினமோ?"

"கேட்டிருக்கிறன். தெரியாது."

"உங்களுக்கு இது என்னெண்டு தெரியுமோ மிஸ்? அந்தப் பிள்ளையோட எத்தினை வருஷம் இருந்தனீங்கள்."

நான் எழுந்து அந்த மேசைக்குப் போய், இலையைச் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். எரிபந்தத்தின் புள்ளி இரண்டு பக்கமும் கூராக இருக்கும் என்று பிள்ளை சொல்வது ஞாபகம் வந்தது. இது கூரா, வட்டமா என்று என்னால் பிடிக்க முடியவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் கட்டுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். அவ நம்பியிருப்பா.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவ கோபிக்கவில்லை. பயிரைத் திரும்பப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டா. "அப்ப கடைக்காரன் தாறதை அடிப்பம்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து, கதிரையை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தா.

மேசையில் கொஞ்சம் சேறும் இரண்டு இலையும் இருந்தன. துடைக்காமல் பன்னிரண்டரை வரைக்கும் விட்டு வைத்திருந்தேன்.